செவ்வாய், வெள்ளி மட்டும்

எனக்குப் பார்வை பார்க்கத் தெரியும் என்பதை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்கு வந்து ஆறு மாதம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே சொல்லாமல் இருந்து தொலைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கண்ணு பட்டுச் சோறு இறங்காமல், உடம்பெல்லாம் அசதியாகக் கிடக்கிறவரைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, உள்ளங்கையில் திருநீற்றை வைத்துக்கொண்டு, மனசுக்குள் மந்திரத்தைச் சொல்லி, வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை மூன்று தடவை இறக்கிவிட வேண்டும். பிறகு நெற்றியில் பூசி, வாயில் ஒரு துளி போட்டு அனுப்ப வேண்டும். அதற்காக யாரிடமும் கைநீட்டக் கூடாது. சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அம்மா செய்வாள். ஒரு கிரகணத்தன்று மந்திரத்தை எனக்கும் சொன்னாள், அவ்வளவுதான். இதில் ஓர் அடையாளம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் கண்ணு இருந்தால், பார்வை பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும். லேசான கண் என்றால் ஒன்றிரண்டு. பொல்லாத கண் என்றால் திறந்த வாய் மூடாது, கண்ணில் தண்ணீர் கொட்டும். இந்தக் கொட்டாவிதான் ஒன்றரை வருடம் என்னைப் பிடித்து ஆட்டிய சனியன்.

அப்போது, 2009 வாக்கில், செல்போன் சார்ஜருக்குப் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் போர்டு பார்க்க வேண்டும். எள்ளைவிடச் சின்னச் சின்னச் சாமான்கள் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று. இரண்டு வருடம் டிரெய்னி. அது முடிந்ததும் ஒரு லிஸ்ட் போடுவார்கள். அதில் பெயர் இருந்தால் பெர்மனென்ட், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அத்தை மகன் எனக்காகக் காத்திருந்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்லவன்தான். எனக்குத்தான் அவனைக் கட்டிக்கொண்டு அந்த ஊரிலேயே உட்கார்ந்துவிட மனசில்லை. ஒவ்வொரு மாதமும் போனில் சண்டை போட்டுச் சண்டை போட்டு அப்பாவிடம் ஒரு பேச்சு வாங்கி வைத்திருந்தேன்.

"ஆர்டர் கையில வந்தா இருந்துக்கோ. வரலன்னா மறுபேச்சு பேசாம மறு பஸ்ல ஏறி வந்துரணும்."

சரி என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அங்கே காலம் தள்ளினேன்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடிவீட்டில் தங்கியிருந்தோம். மேலே மூன்று அறைகள், பன்னிரண்டு பெண்கள். கீழே வீட்டுக்கார அக்கா. நிலத்தை விற்று வீட்டைக் கட்டியவர், எருமைகளை மட்டும் விற்க மாட்டேன் என்று இரண்டைக் கொல்லையில் கட்டி வைத்திருந்தார். என் அறையில் பக்கத்துப் பாய் போடிக்காரி. அதே கம்பெனியில் பேக்கிங். அவள்தான் முதல் ஆள். புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போன அன்றிலிருந்து நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று அழுதுகொண்டே கிடந்தாள். பார்க்கப் பொறுக்காமல், "ஏட்டி, எந்திரிச்சு உக்காரு, எனக்குப் பார்வை பாக்கத் தெரியும்" என்றேன். அன்று காலைதான் நான் மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வந்திருந்தேன். உடம்பில் பொட்டுத் தூக்கம் கிடையாது. அவளுக்கு இறக்கி முடிப்பதற்குள் ஐந்து கொட்டாவி விட்டேன். சாயங்காலம் அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. "அஞ்சு கொட்டாவிடி, நானே எண்ணுனேன்" என்று போடிக்காரி சீட்டுச் சீட்டாகப் போய்ச் சொன்னாள்.

அதற்குப் பிறகு என் பாடு நாய் படாத பாடு. முதலில் எங்கள் வீட்டுப் பெண்கள், அப்புறம் பக்கத்து ஹாஸ்டல், அப்புறம் ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள். முதல் ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தால் மாடிப்படியில் நாலு பேர். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் காலையிலேயே கதவைத் தட்டினார்கள். மூன்றாவது ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து படுக்கலாம் என்றால், "ரெண்டே நிமிஷம் அக்கா" என்று வந்து நின்றார்கள். அந்த இரண்டு நிமிடத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ. வீட்டுக்கார அக்கா தன் பங்குக்கு எருமையைக் கொண்டுவந்து நிறுத்தினார். கறக்க விடாமல் பால் மறிக்கிறதாம். எருமைக்கும் ஏழு கொட்டாவி விட்டேன்.

அப்போது எனக்குப் புரியாதது என்னவென்றால், தூங்க விடாமல் வந்து வந்து என்னைக் களைக்க வைத்தவர்கள் அந்தக் களைப்பையே என் சக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். எவ்வளவு தூங்கவில்லையோ அவ்வளவு கொட்டாவி. எவ்வளவு கொட்டாவியோ அவ்வளவு பேர். "எனக்குப் பதினொண்ணு" என்று ஒருத்தி பரீட்சை மார்க்கு மாதிரி பெருமை பேசுவாள். "எனக்கு ஒம்போதுதான், ஆனா கண்ணுல தண்ணி வந்துச்சு" என்று இன்னொருத்தி விட்டுக்கொடுக்க மாட்டாள். அவர்களைச் சொல்லி என்ன, நானே நம்பினேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லைனில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. மாடிப்படியில் மட்டும் நான் பெரிய ஆள்.

லைனில் என் வாய் மூடாமல் போனது அதற்கப்புறம்தான். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் கொட்டாவி, நிமிர்ந்தால் கொட்டாவி. எங்கள் சூப்பர்வைசர் சிங்கப்பெருமாள் கோவில்காரர், கத்த மாட்டார், நக்கலாகவே கொல்வார்.

"இன்னாம்மா, கம்பெனி பஸ்ஸே உள்ள பூந்துடும் போல கீது. மூணு போர்ட வுட்டுட்ட பாரு."

முதல் மெமோ. படித்துவிட்டு நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? தூங்க வேண்டும் என்று. நான் நினைத்ததோ, லைன் முழுக்கக் கண்ணு இருக்கிறது, அதனால்தான் இங்கே இவ்வளவு கொட்டாவி வருகிறது என்று. புத்தி போன போக்கைப் பாருங்கள். மறுநாள் கோட்டுப் பாக்கெட்டில் திருநீற்றுப் பொட்டலத்தை மறைத்துக் கொண்டுபோய், என் மேஜையைச் சுற்றி யாருக்கும் தெரியாமல் தூவிவிட்டேன்.

தூசி ஒட்டக் கூடாது என்பதற்காகத் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போகிற இடம் அது. ஏ.சி. காற்றில் திருநீறு பறந்து போர்டில் போய் உட்கார்ந்துவிட்டது. வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது என்று லைனை நிறுத்தினார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்து சாலிடரைச் சந்தேகப்பட்டார்கள், மிஷினைச் சந்தேகப்பட்டார்கள், தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் ஒரு போர்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அப்புறம் நேராக என்னைப் பார்த்தார். பாக்கெட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இரண்டாவது மெமோ. "இன்னொன்னு வந்தா லிஸ்ட்ல உன் பேரு இருக்காது. அதுக்கப்புறம் என்னாண்ட வந்து அழுவாத" என்றார். லிஸ்டுக்கு நாலு மாதம்தான் இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. அத்தை மகன் முகம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. இறங்கி மாடிப்படிக்கு வந்தால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழுதுகொண்டே ஆறு பேருக்கும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வருகிறதே என்று அவர்களுக்கு ஒரே திருப்தி.

இதற்கிடையில் கீழ்வீட்டில் புது பைக் வந்தது. வீட்டுக்கார அக்கா அதற்கும் பார்வை பார்க்கச் சொன்னார். பதினாலு கொட்டாவி. என் சாதனையிலேயே அதுதான் அதிகம். பதினாலு என்றதும் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, அடுத்த வீட்டில் இருக்கும் கொழுந்தன் பெண்டாட்டியின் கண்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தெருவில் நின்று ஜாடை பேசினார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக வந்து கூடத்தில் கிழக்குப் பார்க்க உட்கார்ந்துகொண்டார். நான் மூன்றாவது ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன்.

"ஏம்மா, என் கண்ணு பொல்லாத கண்ணுன்னு உன் வாயி சொல்லிச்சாமே. நானே வந்து குந்திக்கினேன். என் மேல எத்தினி கண்ணு கீதுன்னு பாரு."

வீட்டுக்கார அக்கா, போடிக்காரி, மாடிப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். திருநீற்றைக் கையில் எடுத்தேன். மந்திரத்தின் முதல் வரி நினைவிருக்கிறது. வேப்பிலையை அந்த அம்மாளின் தலைக்கு நேரே தூக்கியதும் நினைவிருக்கிறது. அதற்குமேல் தெரியாது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வேப்பிலையை அவர் மடியில் போட்டுவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து, குறட்டையும் விட்டேனாம்.

அந்த அம்மாள் அசையவே இல்லையாம். என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன் ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்து, "இதுக்குக் கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. தூக்கம்டி. இந்தப் பொண்ணத் தூங்க வுடாம வெச்சிகினு, என்னைப் பொல்லாதவன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியா" என்று கேட்டாராம். எல்லாம் போடிக்காரி சொன்னது. நான் எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தேன். மறுநாள் காலைவரை தூங்கினேன்.

எழுந்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். ஒரு பைக்குக்கு யார் கண் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன. என் வாயிலிருந்து வந்த வெறும் அசதியை வைத்து இரண்டு வீட்டுக்குச் சண்டை மூட்டியிருக்கிறேன். என் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் அடுத்த வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம், "நான் சொன்னது தப்பு, எனக்குத் தூக்கம் பத்தல" என்று நேராகச் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கார அக்காவிடமும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் சொன்னேன்.

பிறகு காலண்டர் தாளைத் திருப்பி எழுதிக் கதவில் ஒட்டினேன். செவ்வாய், வெள்ளி மட்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை, இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை. ஏழு பேர். மூன்றாவது ஷிஃப்ட் வாரத்தில் கிடையவே கிடையாது. வண்டி, மாடு கிடையாது. வந்தவர்கள் முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

பெரிய கலவரமே வந்தது. "இன்னாமா, என் வூட்ல இருந்துகினு எனக்கே போர்டு மாட்றியா" என்று வீட்டுக்கார அக்கா மேலே ஏறி வந்துவிட்டார். "வீடு உங்களது அக்கா, கொட்டாவி என்னோடது" என்றேன். வாயைப் பிளந்தபடி கீழே போனார். ஒரு வாரம் தண்ணீர் மோட்டார் எங்களுக்கு மட்டும் தாமதமாகத்தான் ஓடியது. நான் அசையவில்லை. போடிக்காரியைக் கதவில் நிறுத்தினேன். எட்டாவது ஆள் வந்தால் அவள் கையெடுத்துக் கும்பிட்டே திருப்பி அனுப்பிவிடுவாள், அதில் அவள் கெட்டிக்காரி.

தூங்கி எழுந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கே விஷயம் விளங்கியது. அசதிக் கொட்டாவி தாடையில் தொடங்குகிறது, சும்மா வாயைப் பிளந்து மூடுகிறது. பார்வைக் கொட்டாவி பிடரியில் சிலிர்த்து, மெல்ல மேலே ஏறி வருகிறது. வருவதே அபூர்வம். பாதிப் பேருக்கு ஒன்றுகூட வரவில்லை. "உனக்கு ஒண்ணுமில்ல. ஓ.டி. பாக்காம ரெண்டு நாள் நல்லாத் தூங்கு" என்று நெற்றியில் பூசி அனுப்பினேன். அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். "அவளுக்குச் சக்தி போயிருச்சு" என்று கம்பெனி பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஏழு பேர் ஐந்தாகி, ஐந்து மூன்றானது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆளாக இருந்தவளுக்குச் சும்மா இருக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் லைனில் அந்த நாலு மாதத்தில் என் கையிலிருந்து ஒரு தப்புப் போர்டுகூட வெளியே போகவில்லை.

லிஸ்ட் போடும் வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர். என் உயிரே போய்விட்டது, மூன்றாவது மெமோவை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் போல என்று.

அவர் முகம் வாடிக் கிடந்தது. "எங்க கொயந்த மூணு நாளா தூங்கல. வீல் வீல்னு கத்துது. டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. எங்க அம்மாதான் சொன்னாங்க, கண்ணு பட்டிருக்கும்னு. கொஞ்சம் வாயேன், வண்டியிலயே இட்டுகினு போய் வுட்டுர்றேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "உன் பேப்பரும் என் டேபிள்லதான் கீது. நாளைக்குத்தான் அனுப்பணும்" என்றார்.

போடிக்காரி பின்னால் நின்று என் இடுப்பைக் கிள்ளினாள். "போடி, போயிட்டு வந்துருடி, ஒரே ஒரு நாளுதானடி" என்று காதில் கெஞ்சினாள். எனக்கும் ஒரு கணம் கால் நகர்ந்தது. போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த அசதிக்கு அந்தக் குழந்தையின் முன்னால் இருபது கொட்டாவி விடுவேன். இருபதா என்று அந்த வீடே நடுங்கும். யார் கண், யார் கண் என்று தேடுவார்கள். எனக்கு ஆர்டர் கிடைத்துவிடும், அங்கே இன்னொரு கொழுந்தன் பெண்டாட்டி கிடைத்துவிடுவாள்.

"இல்ல சார். நான் ராத்திரி முழுக்கத் தூங்கல. இப்ப எனக்கு வாற கொட்டாவி எல்லாம் என் அசதிதான், உங்க பிள்ளைக்கு உள்ளது இல்ல. அத வச்சு உங்கள நான் பயமுறுத்தக் கூடாது. காய்ச்சல் கீச்சல் வந்தா மறுபடி டாக்டர்ட்டயே காட்டுங்க. செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. ஷிஃப்ட் மாறிரும், தூங்கி எந்திரிச்சு நல்லாப் பாத்து விடுதேன்."

அவர் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போடிக்காரி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "உன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை அனுப்பு" என்றாள். நான் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். ஆர்டர் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தூங்கினேன். அவ்வளவு பயத்தோடு தூங்க முடிந்ததை இன்றைக்கும் என் பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட். லைனில் அவர் என் பக்கமே திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிப்படியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதாக அவர், பக்கத்தில் மனைவி, மடியில் குழந்தை. முன்னால் இருந்த பெண்கள் சூப்பர்வைசரைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். "பரவால்ல, நீங்க பாத்துக்குங்க" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

குழந்தைக்கு இறக்கினேன். பிடரியில் சிலிர்த்து ஒரே ஒரு கொட்டாவி வந்தது. "லேசாத்தான் இருந்துச்சு, போயிரும்" என்றேன். பிறகு குழந்தையின் அம்மாவிடம், "நீங்க எப்பக்கா தூங்குனீங்க" என்று கேட்டேன். என் கதவில் எழுதியிருந்த கேள்விதான். அவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளை யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. சூப்பர்வைசர் குழந்தையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பினார். "அன்னிக்கு நான் அந்த பேப்பர் பேச்ச எடுத்திருக்கக் கூடாதும்மா. அது நேத்திக்கே போய்டுச்சு" என்றார். எப்படிப் போனது, என்ன எழுதிப் போனது என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள். கூடவே என் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டு மெமோவும் அதில் இருந்தன, அவர் எதையும் மறைக்கவில்லை. அதற்குக் கீழே, கடைசி நாலு மாதம் இந்த லைனில் தப்பே விடாத ஒரே ஆள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பிய அதே நாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டில் நின்றே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆர்டர் வந்துட்டு."

"அப்ப அத்தை வீட்டுக்கு என்ன சொல்ல?" என்றார்.

"வேற பொண்ணு பாக்கச் சொல்லுங்கப்பா. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர். "சரி, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று வைத்துவிட்டார். எனக்கு ரோட்டிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன் என்றுதான் போடிக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. ஆர்டர் விஷயம் எப்படியோ எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மாடிப்படியில் ஏழு பேர், அதற்குக் கீழே எட்டாவதாக வீட்டுக்கார அக்கா. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அஞ்சு மணிக்கு என்று சொல்லிவிட்டு, அவர்களைத் தாண்டி மேலே போய்க் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டேன்.